போர்வை சூடு தராது, மண்தான் தரும்

சென்னையிலோ மதுரையிலோ ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இதைக் கேட்கிறவங்க இன்னைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கணும். பேசப்போறது குளிரைப் பற்றி. அதுவும் குளிருக்கே பழக்கமில்லாத ஊருக்கு, யாரும் எதிர்பார்க்காத நேரத்துல வந்துட்டுப் போற குளிரைப் பற்றி.

நான் இருக்கிறது அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம், ஹியூஸ்டன் பக்கம். வெயில், புழுக்கம், கொசு மூணுக்கும் பேர்போன ஊர். மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் சென்னைக்காரங்களுக்கு இங்க பெரிய வித்தியாசம் தெரியாது. அதனாலதான் இங்க தமிழ் வீடுகளோட கொல்லைப்புறத்தைப் பார்த்தீங்கன்னா கறிவேப்பிலை, முருங்கை, வாழை, மல்லி, செம்பருத்தி எல்லாம் மண்ணுலயே நிக்கும். நல்லா வளரும், பூக்கும், காய்க்கும். பிரச்சினை வருஷத்துல ஏதோ நாலஞ்சு இரவுலதான்.

ஹியூஸ்டன்ல வெப்பநிலை முதல் தடவை 0 டிகிரிக்கு இறங்குறது சராசரியா டிசம்பர் தொடக்கத்தை ஒட்டி. ஃபாரன்ஹீட்ல சொன்னா 32. ஆனா சில வருஷம் அது முந்திக்கும். 2019 நவம்பர் நடுவுல ஆர்க்டிக் பக்கமிருந்து கிளம்பின குளிர்காற்று டெக்சாஸ் வரைக்கும் இறங்கி வந்தது. தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரம் சொச்சம்தான் ஆகியிருந்தது. பலகார டப்பாவே காலியாகாத நேரம்.

ஒரு செடி போனா என்ன, கடையில இன்னொண்ணு வாங்கிக்கலாமேன்னு தோணும். கறிவேப்பிலை விஷயத்துல அது அவ்வளவு சுலபமில்ல. கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். ஆசியன் சிட்ரஸ் சில்லிட்னு ஒரு குட்டிப் பூச்சி இருக்கு. சிட்ரஸ் கிரீனிங் என்கிற நோயை மரத்துக்கு மரம் பரப்புறது அதுதான். ஃப்ளோரிடாவோட ஆரஞ்சுத் தோட்டங்களை அந்த நோய் படுத்தின பாடு பெரிய கதை. அந்தப் பூச்சிக்கு கறிவேப்பிலைத் துளிர்னா ரொம்ப இஷ்டம். அதனால கறிவேப்பிலைக் கன்றை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோறதுக்கு இங்க கடுமையான கட்டுப்பாடு இருக்கு. ஊர்லேர்ந்து சூட்கேஸ்ல கன்று கொண்டுவர்றதெல்லாம் நடக்கிற காரியமில்ல. ஏழெட்டு வருஷமா வளர்ந்து, ஆள் உயரத்துக்கு நிக்கிற ஒரு மரம் ஒரே இரவுல கருகினா, அந்த இடம் திரும்ப நிறைய இன்னொரு ஏழெட்டு வருஷம் ஆகும். அதனாலதான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு கேள்வி. ஜனவரியில வர்ற குளிரைவிட நவம்பர்ல வர்ற குளிர் ஏன் அதிகமா அடிக்குது? தெர்மாமீட்டர்ல ரெண்டும் ஒரே எண்தானே?

எண் ஒண்ணுதான், ஆனா செடி அதே செடி இல்ல. இந்தப் பக்கம் நல்லா வளர்ற சட்சுமா ஆரஞ்சு மரத்தை எடுத்துக்குங்க. அக்டோபர், நவம்பர்ல பகல் சுருங்கி, இரவுகள் படிப்படியா குளிர ஆரம்பிச்சதும் அந்த மரம் புதுத் துளிர் விடுறதைக் குறைச்சுக்கும். செல்லுக்குள்ள சர்க்கரை சேரும். செல்லோட சவ்வு குளிருக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கும். இப்படித் தயாரான மரம் ஜனவரியில மைனஸ் 4 டிகிரியைக்கூட தாங்கிடும். அதே மரம் இந்தத் தயாரிப்பு இல்லாம, தண்ணி நிறைஞ்ச இளந்துளிரோட நிக்கும்போது குளிர் வந்தா, மைனஸ் 2க்கே துளிரெல்லாம் கருகலாம். கறிவேப்பிலை, முருங்கை மாதிரி வெப்ப நாட்டுச் செடிகள் பாவம், இந்தப் பாடத்தையே அதிகம் படிச்சதில்லை. எந்த மாசம் வந்தாலும் அதுங்களுக்கு ஆபத்துதான். ஆனா நவம்பர்ல அதுங்களும் முழு வேகத்துல வளர்ந்துட்டு இருக்கும்.

இலைக்குள்ள என்ன நடக்குதுன்னா, முதல்ல செல்களுக்கு இடையில இருக்கிற தண்ணி உறையும். அந்த ஐஸ், செல்லுக்குள்ள இருக்கிற தண்ணியை வெளிய இழுக்கும். செல் வத்திப்போகும். குளிர் ரொம்ப வேகமா இறங்கினா செல்லுக்குள்ளயே ஐஸ் கட்டி, அது கிழிஞ்சுடும். காலையில பார்த்தா இலை வதக்கின கீரை மாதிரி தொங்கும். சாயங்காலத்துக்குள்ள கறுத்துடும்.

இதெல்லாம் கெட்ட செய்தி. இப்போ நல்ல செய்தி. நேரத்துக்கு முன்னாடி வர்ற குளிருக்கு செடி தயாரா இருக்காது, ஆனா மண் நம்ம பக்கம் இருக்கும். கோடை முழுக்க வாங்கின வெயிலை மண் இன்னும் செலவு பண்ணி முடிச்சிருக்காது. நவம்பர்ல காற்று 0 டிகிரியில இருக்கும்போதுகூட ஒரு ஜாண் ஆழத்துல மண் 15 டிகிரிக்கு மேல இருக்கிறது இங்க சாதாரணம். பிப்ரவரியில அந்தக் கையிருப்பு குறைஞ்சுபோயிருக்கும். அதோட, முந்தி வர்ற குளிர் பெரும்பாலும் ஒரு இரவு, ரெண்டு இரவுதான். மூணாவது நாள் திரும்ப அரைக்கை சட்டை. அந்த ரெண்டு இரவைத் தாண்ட வைச்சுட்டா, பல வருஷங்கள்ல இன்னும் மூணு நாலு வாரம் செடி வளரும், காய்க்கும். போட்ட உழைப்புக்குக் கூலி அதிகம் கிடைக்கிறது இந்த முதல் குளிர்லதான்.

அடுத்து, வரப்போறது எந்த மாதிரி குளிர்னு பார்க்கணும். ரெண்டு வகை இருக்கு.

ஒண்ணு, சத்தமில்லாத குளிர். வானத்துல மேகமே இருக்காது, காற்று அசையாது. பகல்ல மண் வாங்கின சூடு அப்படியே மேல வானத்துக்குப் போயிடும். தரையை ஒட்டின காற்று குளிர்ந்து, தண்ணி மாதிரி பள்ளத்தைத் தேடி ஓடி அங்க தேங்கும். நீலகிரிக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். அங்க உறைபனிக் காலத்துல பள்ளத்துல இருக்கிற புல்வெளிதான் முதல்ல வெள்ளையாகும், தேயிலைத் தளிர் கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவுல மலர் நாற்றுகளைக் காப்பாத்த கோத்தகிரி மிலார்னு ஒரு செடியோட கிளைகளை வெட்டி மேல மூடி வைப்பாங்க. எளிமையான வேலை, ஆனா சரியான அறிவியல். மண்ணுலேர்ந்து கிளம்புற சூடு வானத்துக்குப் போகாம நடுவுல ஒரு தடுப்பு.

இந்த வகைக் குளிர்ல போன்ல தெரியிற எண்ணை அப்படியே நம்பக்கூடாது. வானிலைத் தெர்மாமீட்டர் ஆள் உயரத்துல இருக்கும். தரையை ஒட்டி அதைவிட ரெண்டு மூணு டிகிரி குறைவா இருக்கலாம். போன் 2 டிகிரின்னு சொன்னாலும் உங்க துளசி உறையலாம். டியூ பாயின்ட்னு ஒரு எண் இருக்கும், அதையும் பாருங்க. அது ரொம்பக் குறைவா இருந்தா காற்று வறண்டு கிடக்குதுன்னு அர்த்தம். அன்னைக்கு இரவு வெப்பநிலை சரசரன்னு இறங்கும்.

இன்னொண்ணு, காற்றோட வர்ற குளிர். டெக்சாஸ்ல இதுக்கு ப்ளூ நார்தர்னு பேரு. மத்தியானம் வியர்த்துட்டு இருப்பீங்க. வடக்கேயிருந்து காற்று திரும்பும். சில மணி நேரத்துல 10 டிகிரிக்கு மேல இறங்கிடும். இதுல காற்று மண்ணோட சூட்டையும் வாரிக்கிட்டுப் போகும். மூடின துணி பறந்துட்டா கதை முடிஞ்சது. அதனால இந்த வகைக்கு துணியைவிட அதோட ஓரத்துல வைக்கிற செங்கல்தான் முக்கியம்.

இப்போ வேலைக்கு வருவோம். எல்லாத்துக்கும் அடிப்படை ஒரே விஷயம்தான். போர்வை சூடு தராது. நாம போர்த்திக்கிட்டா கதகதன்னு இருக்கிறதுக்குக் காரணம் நம்ம உடம்புச் சூடு. செடிக்கு அப்படி உடம்புச் சூடு கிடையாது. அதோட அடுப்பு மண். அடுப்பைச் சேர்த்து மூடினாத்தான் பிரயோஜனம்.

இங்க முதல் குளிர் அன்னைக்கு சாயங்காலம் தெருவுல நடந்து பாருங்க. பாதி வீடுகள்ல மரத்தோட தலையில மட்டும் பெட்ஷீட்டைச் சுத்தி, தண்டுல கயிறு கட்டி வைச்சிருப்பாங்க. பார்க்கிறதுக்கு குச்சியில சுத்தின பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கும். அந்தக் கயிறு என்ன பண்ணுது? மண்ணுலேர்ந்து மேல வர்ற சூட்டை உள்ள விடாம கதவைச் சாத்துது. துணி நாலா பக்கமும் தரையைத் தொடணும், கூடாரம் மாதிரி. ஓரத்துல கல்லோ செங்கல்லோ மண்ணோ வைச்சு இடைவெளி இல்லாம அடைக்கணும். இந்த ஒரு மாற்றம் பண்ணினாலே பாதி வேலை முடிஞ்சது.

துணின்னா பழைய பெட்ஷீட், கம்பளி போதும். தோட்டக் கடையில ஃப்ராஸ்ட் க்ளாத்னு நெய்யாத துணி கிடைக்கும். தடிமனைப் பொறுத்து ஒண்ணுலேர்ந்து நாலு டிகிரி வரைக்கும் காப்பாத்தும். பிளாஸ்டிக் ஷீட்டை மட்டும் இலைமேல படற மாதிரி போடாதீங்க. பிளாஸ்டிக் தொடுற இடமெல்லாம் இலை கருகும். நாலு குச்சி நட்டு, தக்காளிக்கு வைக்கிற கம்பிக்கூண்டைக் கவுத்து, அதுமேல மூடலாம். போடுற நேரமும் முக்கியம். இரவு சாப்பிட்டுட்டு 10 மணிக்குப் போய் மூடினா, சூடு பாதி ஏற்கெனவே போயிருக்கும். மத்தியான வெயில்ல மண் காயட்டும், சூரியன் இறங்குறதுக்கு முன்னாடி மூடிடுங்க. காலையில 0-க்கு மேல ஏறினதும் திறந்துடுங்க. அப்பத்தான் மண் அடுத்த இரவுக்குச் சேமிக்கும். வெயில்ல மூடியே வைச்சா உள்ள வெந்துடும், பிளாஸ்டிக்னா இன்னும் சீக்கிரம்.

முதல் நாளே மண்ணுக்குத் தண்ணி விடுங்க. ஈர மண், காய்ஞ்ச மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடிச்சு வைக்கும். கீழயிருந்து மேல சுலபமா அனுப்பவும் செய்யும். கள்ளி, கற்றாழைக்கு மட்டும் வேண்டாம். இலைமேல தண்ணி தெளிக்காதீங்க. பெரிய சிட்ரஸ் தோட்டங்கள்ல இரவு முழுக்க தண்ணி தெளிக்கிறதைப் பார்த்துட்டு சிலர் செய்வாங்க. ஒரு கிராம் தண்ணி உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடும், அதை நம்பித்தான் அவங்க செய்யறாங்க. ஆனா ஐஸ் உருகி முடியற வரைக்கும் ஒரு நிமிஷம்கூட நிறுத்தாம தெளிக்கணும். நடுவுல நின்னா தெளிக்காததைவிட மோசமாயிடும், ஐஸ் பாரத்துல கிளையும் முறியும். வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டாத வேலை.

மூடாக்கு, அதாவது வேரைச் சுத்திப் போடுற சருகு, வைக்கோல், மரத்தூள். இது ரெண்டு பக்கமும் வெட்டுற கத்தி. மண்ணோட சூட்டை உள்ளயே அடைச்சு வேரைக் காப்பாத்தும். ஆனா அதே காரணத்தால அந்தச் சூடு மேல இலைக்குப் போகாது. அதனால முதல்ல ஒரு முடிவு எடுக்கணும். இந்தச் செடியில எதைக் காப்பாத்தப்போறோம், தலையையா வேரையா?

வாழைக்கு இலை போனா போகட்டும், கிழங்கு உயிரோட இருந்தா வெயில் வந்ததும் குருத்து விடும். முருங்கையும் அப்படித்தான், மேல கருகினாலும் வேர் உயிரோட இருந்தா அடியிலேர்ந்து கிளம்பும். இந்த ரெண்டுக்கும் முழங்கால் உயரத்துக்கு சருகைக் குவிச்சுட்டு நகர்ந்துடுங்க. கறிவேப்பிலைக்கு தலையும் வேணும், வேரும் வேணும். அதனால தண்டோட அடியில மட்டும் குவியல், மீதி மண் திறந்து ஈரமா இருக்கட்டும், அதுமேல கூடாரம். ஒட்டு எலுமிச்சையா இருந்தா ஒட்டுப்போட்ட இடத்துக்கு மேல வரைக்கும் மண்ணை அணைச்சு வைங்க. ஒட்டுக்குக் கீழ மட்டும் உயிர் மிஞ்சினா, திரும்ப வர்றது உங்க எலுமிச்சை இல்ல, வேறேதோ காட்டு மரம். தக்காளி, கத்தரி, மிளகாயில முத்தின காயையெல்லாம் பறிச்சுடுங்க. கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி பத்திக் கவலைப்படாதீங்க, லேசான குளிருக்கு அதுங்க அசையாது. வெற்றிலையும் துளசியும் தொட்டியில இருந்தா, யோசிக்காம வீட்டுக்குள்ள.

தொட்டின்னதும் அபார்ட்மென்ட்காரங்க ஞாபகம் வருது. நான் சொன்ன மண் அடுப்பெல்லாம் மூணாவது மாடி பால்கனிக்குப் பொருந்தாது. தொட்டியில இருக்கிறது ஒரு வாளி மண். சுத்தியும் காற்று. இலையைவிட வேர்தான் முதல்ல மாட்டும். அதனால உள்ள கொண்டுவர்றதுதான் ஒரே நல்ல வழி, குளியலறையா இருந்தாலும் சரி. தூக்க முடியாத தொட்டின்னா கட்டடச் சுவரை ஒட்டி, எல்லாத்தையும் நெருக்கி வைச்சு, தொட்டியோட சேர்த்து மூடுங்க. அங்க உங்களுக்கு அடுப்பு சுவர்தான்.

கூடாரத்துக்குள்ள பழைய காலத்து குண்டு பல்பு சீரியல் செட் போட்டா கொஞ்சம் சூடு சேரும். வெளியில போடுறதுக்குன்னு செய்ததா, துணி மேல படாம இருக்கணும். எல்இடி விளக்கு அழகா எரியும், ஆனா சூடு வராது.

இதுக்கெல்லாம் ஒரு எல்லை உண்டு. 2021 பிப்ரவரியில டெக்சாஸ்ல வந்த குளிர்புயல்ல ஹியூஸ்டன் விமான நிலையத்துல மைனஸ் 10 வரைக்கும் போனது. மாநிலம் முழுக்க 45 லட்சத்துக்கும் மேல வீடுகளும் கடைகளும் மின்சாரம் இல்லாம இருந்தது. பல்பும் இல்ல, ஹீட்டரும் இல்ல. வீட்டுக்குள்ள கரி அடுப்பு, ஜெனரேட்டர் வைச்சு கார்பன் மோனாக்சைடால உயிர் போன குடும்பங்கள் உண்டு. செடிக்காகக்கூட கராஜுக்குள்ள கரி மூட்டாதீங்க. இங்க குளிர் வரும்போது பீப்பிள், பெட்ஸ், பைப்ஸ், ப்ளான்ட்ஸ்னு வரிசையாச் சொல்வாங்க. மனுஷங்க, வளர்ப்புப் பிராணிங்க, தண்ணிக் குழாய், அப்புறம்தான் செடி. அந்த வரிசை சரியானதுதான்.

அந்த 2021 குளிருக்கு அப்புறம் எங்க பக்கத்துத் தெருவுல ஒரு மாமியோட கறிவேப்பிலை மரம் அடியோட போயிடுச்சு. எங்க ஏரியாவுல பாதி வீட்டுல நிக்கிறது அந்த மரத்தோட கன்றுதான். பழுத்த பழம் விழுந்ததும் காயவிடாம உடனே விதைச்சு, கப்புல வளர்த்து, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கொடுப்பாங்க. தாய்மரம் போன பிறகு, யாரோ ஒருத்தர் வீட்டு சமையலறை ஜன்னல்ல பிழைச்சிருந்த கன்று ஒண்ணு திரும்ப மாமி வீட்டுக்கே போச்சு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. உங்க மரத்தோட ஒரு கன்று, அதே பகுதிக்குள்ள வேற ஒரு கூரைக்குக் கீழ இருக்கணும்.

கடைசியா, குளிர் போன மறுநாள். இதுதான் ரொம்பக் கஷ்டமான கட்டம், ஏன்னா எதுவும் செய்யக்கூடாது. கறுத்துப்போன கிளையைப் பார்த்ததும் கை கத்தரிக்குப் போகும். வெட்டாதீங்க. வெட்டினா செடி புதுத் துளிர் விடப் பார்க்கும், அடுத்த குளிர் அந்தத் துளிரைத் தின்னும். காய்ஞ்ச இலையும் கிளையும் கீழ இருக்கிறதுக்கு ஒரு குடைதான். தக்காளி மாதிரி வருஷச் செடி செத்துப்போனா பிடுங்கிடலாம். மத்ததெல்லாம் மார்ச் வரைக்கும் காத்திருக்கட்டும். உரமும் அதுவரைக்கும் வேண்டாம்.

உயிர் இருக்கா இல்லையான்னு பார்க்க நகத்தால பட்டையை லேசா கீறிப் பாருங்க. உள்ள பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. பழுப்பா, காய்ஞ்சு இருந்தா இன்னும் கொஞ்சம் கீழ கீறுங்க. எங்க பச்சை தெரியுதோ அதுக்கு மேலதான் மார்ச்ல வெட்டணும். தரை வரைக்கும் பச்சையே இல்லைன்னாலும் தோண்டி எடுக்க அவசரப்படாதீங்க. 2021-ல செத்துப்போச்சுன்னு விட்ட கறிவேப்பிலைகள்ல சிலது ஏப்ரல் கடைசியில, மே மாசத்துல வேர்லேர்ந்து துளிர்விட்டதை நானே பார்த்திருக்கேன்.

இந்த வருஷத்துக்கு இப்பவே செய்ய வேண்டியது மூணுதான். செப்டம்பருக்கு அப்புறம் தழைச்சத்து உரத்தையும் கத்தரியையும் நிறுத்துங்க. பழைய பெட்ஷீட்டையும் செங்கல்லையும் ஒரே இடத்துல எடுத்து வைங்க. எந்தச் செடிக்குத் தலை, எந்தச் செடிக்கு வேர்னு ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. ஃப்ரீஸ் வார்னிங் வர்ற அன்னைக்கு ஆபீஸ் முடிஞ்சு வந்து யோசிக்க நேரம் இருக்காது, சூரியன் அஞ்சரைக்கே இறங்கிடும்.

உங்க ஊர்ல செடியைக் குளிர்லேர்ந்து காப்பாத்த வேற ஏதாவது வழி இருந்தா எழுதி அனுப்புங்க. நீலகிரி, கொடைக்கானல் பக்கமிருந்து கேட்கிறவங்க கண்டிப்பா எழுதணும், உங்ககிட்ட கத்துக்க நிறைய இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.